தராசுக்கு முத்திரை உண்டு. மூச்சை அளக்கும் மீட்டருக்கு?

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் ஒரு மூட்டை துவரம் பருப்பை எடை போடும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வாங்க வேண்டும். முத்திரை காலாவதியாகிவிட்டால் அதிகாரி வருவார், வழக்குப் போடுவார், அபராதம் கட்ட வேண்டும். இதில் தவறு ஒன்றும் இல்லை. வாங்குகிறவன் ஏமாறக் கூடாது, விற்கிறவனும் நஷ்டப்படக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சட்டம்.

அதே கடைவீதியில் உள்ள மருந்துக் கடையில் விரலில் மாட்டும் ஒரு சின்ன மீட்டர் விற்கிறது. பல்ஸ் ஆக்சிமீட்டர் என்பது அதன் பெயர். நம் வீட்டுப் பெரியவரை இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வதா, விடியும் வரை பொறுப்பதா என்பதை இன்று பல வீடுகளில் முடிவு செய்வது இந்த மீட்டர்தான். அது சரியாகக் காட்டுகிறதா என்று வாங்கிய பிறகு யாராவது ஒரு முறையாவது சரிபார்த்தது உண்டா? பருப்புக்கு உள்ள பாதுகாப்பு மூச்சுக்கு இல்லாமல் போனது ஏன்? இந்தக் கேள்வியைச் சமுதாயத்தின் முன்னும் அரசின் முன்னும் வைக்கவே இக்கட்டுரை.

2021ஐ மறந்துவிட்டோமா?

2021 ஏப்ரல், மே மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாத நாட்கள் அவை. படுக்கை கிடைக்கவில்லை, சிலிண்டர் கிடைக்கவில்லை. சேலம் உருக்காலை வளாகத்திலேயே ஆக்சிஜன் படுக்கைகள் போட வேண்டிய நிலை வந்தது. சொந்தப் பிள்ளைகளே நெருங்க அஞ்சிய உடல்களை, மதம் பார்க்காமல் நம் சமுதாய இளைஞர்கள் எடுத்து அடக்கம் செய்ததை நாடே பார்த்தது.

அந்த நாட்களில்தான் இந்த மீட்டர் வீடு வீடாக நுழைந்தது. தட்டுப்பாடு வந்ததும் விலை கண்டபடி ஏறியது. கடைசியில் 2021 ஜூலையில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் தலையிட்டு, ஆக்சிமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளுக்கு வியாபார லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. விலைக்குக் கடிவாளம் போட்டார்கள், சரி. தரத்துக்கு?

நமது தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று கைமாறிக் கொண்டிருந்த நேரம். வேண்டிய ஒருவரின் அத்தாவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். மீட்டர் 94 காட்டியது. ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனோம். அங்கேயும் வாசலில் வைத்து விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, “94 இருக்கிறது, வீட்டிலேயே பாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறிக் கொண்டிருந்தார். அதை நாங்களும் கவனிக்கவில்லை, அவர்களும் கவனிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அந்தச் சிவப்பு எண்ணின் மீதே இருந்தது. மறுநாள் காலை வேறொரு இடத்தில் மணிக்கட்டு நாடியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, உண்மை அளவு மீட்டர் காட்டியதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். பிழைக்காதவர்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கு எடுத்தார்கள்?

மீட்டர் உண்மையில் என்ன செய்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மீட்டர் பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. இலட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய கருவி இது. ஜப்பானைச் சேர்ந்த பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை ஒளியால் அளக்க அவர் முயன்றபோது, நாடித் துடிப்பு அளவீட்டுக்கு இடையூறாக வந்து நின்றது. அந்த இடையூறையே ஆக்சிஜனை அளக்கும் வழியாக அவர் மாற்றினார். 1980களில் இது உலகெங்கும் அறுவை சிகிச்சை அரங்குகளுக்குள் நுழைந்தது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்கு இன்று இது இல்லாமல் வேலை நடக்காது. அயோயாகி 2020 ஏப்ரலில், உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்த நேரத்தில், காலமானார்.

மீட்டரின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு வகை ஒளி விரலுக்குள் பாய்கிறது. ஒன்று நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் ஒரு மாதிரியாகவும், ஆக்சிஜன் இறங்கிய இரத்தம் வேறு மாதிரியாகவும் இந்த ஒளிகளை உறிஞ்சுகின்றன. மறு பக்கம் வந்து சேரும் ஒளி எவ்வளவு என்று பார்த்து, நாடி துடிக்கும்போது மட்டும் மாறுகிற பகுதியைப் பிரித்தெடுத்து, மீட்டர் ஒரு கணக்குப் போடுகிறது.

கவனியுங்கள்: இது நேரடி அளவு அல்ல, கணக்கு. அந்தக் கணக்கின் வாய்ப்பாடு எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமான தொண்டர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, அவர்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்து, அதோடு ஒப்பிட்டுத் தயாரித்தார்கள். ஆரோக்கியமானவரை 70 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது ஆபத்து. ஆகவே அதற்குக் கீழே மீட்டர் காட்டுவது பெரும்பாலும் உத்தேசம்தான். 70க்கு மேலேகூட, நல்ல மீட்டர் என்று சான்று பெற்றதே இரண்டு மூன்று புள்ளி கூடவோ குறையவோ காட்டலாம். சில நேரங்களில் அதற்கு மேலும் விலகலாம்.

வெள்ளிக் கொலுசுத் தொழிலில் உள்ள நம் சகோதரர்களுக்கு இது எளிதில் புரியும். பொருளைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே இத்தனை டச் இருக்கும் என்று அனுபவசாலி சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் பெரிய சரக்கு, சந்தேகமான சரக்கு என்றால் உருக்கிப் பார்க்காமல் யாராவது பணம் கொடுப்பார்களா? விரல் மீட்டர் கைப்பார்வை. நாடி இரத்தத்தை எடுத்துச் செய்யும் இரத்த வாயுப் பரிசோதனைதான் உருக்கிப் பார்ப்பது.

நோய் முற்றும்போதுதான் ஏமாற்றும்

இதில் வேதனை என்னவென்றால், நல்ல உடம்போடு இருப்பவருக்கு மீட்டர் மிகச் சரியாகக் காட்டுகிறது. அவருக்கு அது தேவையே இல்லை. நுரையீரல் செயலிழந்து, இரத்த அழுத்தம் விழுந்து, கை கால் சில்லிட்டுப் போன நோயாளிக்குத்தான் அது மிகவும் தேவை. அங்கேதான் அது தடுமாறுகிறது.

காரணம் எளிது. நாடித் துடிப்பை வைத்துத்தான் கணக்கு. அதிர்ச்சி நிலையில் விரல் நுனிக்கு இரத்த ஓட்டம் குறைந்து நாடி நலிந்துவிட்டால் கணக்கும் நலிந்துவிடும். நோயாளி நடுங்கினாலும் அசைந்தாலும் தவறும்.

2001இல் பிரெஞ்சு மருத்துவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 102 நோயாளிகளிடம் மீட்டரையும் இரத்தப் பரிசோதனையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரத்தத்தில் உண்மையாகவே 90 சதவீதம் இருக்கிறது என்று நம்ப வேண்டுமானால் மீட்டர் 94க்கு மேல் காட்ட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். நம் நாட்டில் கொரோனா காலத்தில் அரசு வகுத்த வழிமுறை என்ன? 94ம் அதற்கு மேலும் லேசான நோய், 90 முதல் 93 வரை நடுத்தரம், 90க்குக் கீழே கடுமை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளி ஒருவரின் படுக்கையையே முடிவு செய்கிறது!

இன்னும் இருக்கிறது. தீ விபத்துப் புகையிலோ, மூடிய அறையில் ஓடும் ஜெனரேட்டர் புகையிலோ, கரி அடுப்புப் புகையிலோ மாட்டிக் கொண்டவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிவிடும். சாதாரண மீட்டர் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98, 99 என்று காட்டும். ஆள் உயிருக்குப் போராடிக் கொண்டிருப்பார். பட்டறைகளும் குடோன்களும் நிறைந்த பகுதியில் வாழும் நாம் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதேபோல, உடலில் தேங்கும் கரியமில வாயுவை இந்த மீட்டர் அளக்கவே அளக்காது. நாட்பட்ட நுரையீரல் நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்ததும் எண் அழகாக ஏறிவிடும். உள்ளே கரியமில வாயு ஏறி அவர் மயக்கத்துக்குப் போய்க் கொண்டிருப்பார். அதையும் இரத்த வாயுப் பரிசோதனைதான் காட்டிக் கொடுக்கும்.

ஒளிக்கும் நிறபேதமா?

அடுத்து வருவது சமுதாயநீதி பேசுகிற ஒவ்வொருவரும் உற்றுக் கவனிக்க வேண்டிய விஷயம். தோலில் கருமை கூடினால், அந்த நிறமியும் ஒளியை உறிஞ்சும். ஆகவே கருத்த தோல் உடையவருக்கு மீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும்.

இது நேற்று தெரிந்த செய்தி அல்ல. 1990லேயே அமெரிக்காவில் அமல் ஜுப்ரான், மார்ட்டின் டோபின் என்ற இரு மருத்துவர்கள், செயற்கை சுவாசத்தில் இருந்த நோயாளிகளைச் சோதித்து எழுதினார்கள். வெள்ளையர்களுக்கு மீட்டரில் 92 போதும், கறுப்பின மக்களுக்கு 95 வேண்டும் என்றார்கள். முப்பது ஆண்டுகள் உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் மீண்டும் கணக்கெடுத்தார்கள். மீட்டரில் 92 முதல் 96 வரை காட்டியவர்களில், இரத்தத்தில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பின மக்களில் 11.7 சதவீதம். ஏறத்தாழ மூன்று மடங்கு! 2022இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், கொரோனா நோயாளிகளில் ஆசிய வம்சாவளியினருக்கும் மீட்டர் கூட்டிக் காட்டியது தெரிய வந்தது. கூட்டிக் காட்டினால் விளைவு என்ன? மருந்தும் ஆக்சிஜனும் தாமதமாகும்.

யாரும் திட்டமிட்டு இந்தப் பாகுபாட்டைச் செய்யவில்லை. வாய்ப்பாடு தயாரித்தபோது நிறத்தைப் பற்றி அக்கறைப்படவில்லை, அவ்வளவுதான். அமெரிக்க அரசின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ஒரு மீட்டரைச் சோதிக்க 10 பேர் போதும். அதில் இரண்டு பேர் கருத்த தோல் உடையவராக இருந்தால் போதும். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் 150 பேருக்குக் குறையாமல், எல்லா நிறத்தவரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். பிரிட்டனில் சுகாதார அமைச்சராக இருந்த சாஜித் ஜாவித் 2021இல் இதுபற்றித் தனி விசாரணைக்கு ஏற்பாடு செய்தார். 2024 மார்ச்சில் வந்த அந்த அறிக்கையும் பாகுபாடு உண்மை என்று ஒப்புக் கொண்டது.

அங்கே கறுப்பின மக்கள் சிறுபான்மை. அவர்கள் குரல் எழுப்பினார்கள், அரசுகள் அசைந்தன. இங்கே மாநிறமும் கருமையும்தான் பெரும்பான்மை. வெயிலில் மூட்டை தூக்கும் மண்டித் தொழிலாளி, கல் உடைப்பவர், லாரி ஓட்டுநர் என்று உழைத்துக் கருத்த உடம்புகள் நம்முடையவை. வெள்ளைத் தோலுக்குப் போட்ட வாய்ப்பாட்டை நம் விரலில் மாட்டிவிட்டு அது சொல்வதே வேதவாக்கு என்று இருப்பது எந்த வகை நியாயம்?

அரசு செய்ய வேண்டியவை

2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டு வரப்பட்டுள்ளன. நல்ல காரியம். ஆனால் காகிதத்தில் சட்டம் இருந்தால் மட்டும் நோயாளி பிழைத்துவிட மாட்டார். நாம் கேட்பவை மூன்று.

ஒன்று: நம் நாட்டில் விற்கப்படும் ஆக்சிமீட்டர்கள் நம் நாட்டு மக்களின் எல்லா நிறத் தோலிலும் சோதிக்கப்பட வேண்டும். எவ்வளவு கூட்டிக் காட்டும், குறைத்துக் காட்டும் என்பதைப் பெட்டியின் மேலேயே தமிழில் அச்சிட வேண்டும்.

இரண்டு: கடைகளில் விற்கும் மீட்டர்களை அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதித்து, தேறாதவற்றின் பெயரை வெளியிட வேண்டும். விலை குறைந்த மீட்டர்கள் எல்லாம் மோசம் என்றும் சொல்ல முடியாது. 2016இல் அமெரிக்காவில் ஆறு மலிவு விலை மீட்டர்களைச் சோதித்தபோது சில தவறின, சில விலை உயர்ந்தவற்றுக்கு ஈடாக நின்றன. எது நல்லது என்று ஏழைக்குச் சொல்ல வேண்டியது அரசின் கடமை.

மூன்று: இரத்த வாயுப் பரிசோதனை வசதி சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களோடு நின்றுவிடக் கூடாது. வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளிலும் இரவு பகலாக இயங்க வேண்டும். ஓமலூரிலும் ராசிபுரத்திலும் மூச்சுத் திணறலோடு வருகிறவருக்கு விரல் மீட்டர்தான் கடைசித் தீர்ப்பு என்ற நிலை கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

எல்லாவற்றையும் அரசின் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. 2021இல் தரமில்லாத மீட்டரை மூன்று மடங்கு விலைக்கு விற்றவர்களில் நம்மவர்கள் ஒருவரும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? அளவையில் மோசடி செய்யாதே என்று கடுமையாக எச்சரிக்கப்பட்ட சமுதாயம் நாம். தவறாக அளக்கும் கருவியைத் தெரிந்தே விற்பதும் அளவை மோசடிதான். மருந்துக் கடை, சர்ஜிகல் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத மீட்டரைக் கடையில் ஏற்றக் கூடாது.

பல பள்ளிவாசல்களில் ஜனாஸாப் பெட்டி இருக்கிறது. மவுத்தான பிறகு உதவுவதற்கு ஏற்பாடு வைத்திருக்கும் நாம், மவுத்தாவதைத் தடுக்க என்ன வைத்திருக்கிறோம்? ஒவ்வொரு ஜமாஅத்தும் நல்ல தரமுள்ள இரண்டு மீட்டர்களை வாங்கி, மஹல்லாவில் மதம் பாராமல் யார் கேட்டாலும் கொடுத்து வாங்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஏதேனும் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளலாம். இளைஞர்கள் இதைப் பொறுப்பெடுத்துச் செய்ய முடியாதா?

வீட்டில் உள்ளவர்கள் கீழ்க்கண்டவற்றை மனதில் இருத்திக் கொள்ளட்டும்:

கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிய பிறகு மாட்டுங்கள். ஐந்து நிமிடம் அமர்ந்து, கையை அசைக்காமல் வைத்து, எண் ஒரு நிலைக்கு வந்து நின்ற பிறகு பாருங்கள்.

நகச்சாயத்தை அழித்துவிடுங்கள். கல்யாண வீட்டுக் கருப்பு மருதாணி விரலில் இருந்தால் மீட்டர் சரியாகக் காட்டாமல் போகலாம். மருதாணி படாத விரலில் வையுங்கள். நாட்டுச் சிவப்பு மருதாணி அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

நோய் வருவதற்கு முன்பே வீட்டில் உள்ளவர்களின் வழக்கமான எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு நாளின் எண்ணைவிட, 98 இருந்தவருக்கு 95, 94 என்று இறங்கிக் கொண்டே வருகிறதா என்பதுதான் முக்கியம்.

கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். வயது வந்தவருக்கு 24ஐத் தொட்டால் ஆபத்தின் அறிகுறி. 30ஐத் தாண்டினால் மீட்டர் என்ன காட்டினாலும் உடனே கிளம்புங்கள். இதற்கு மீட்டர் தேவையில்லை, காசும் தேவையில்லை.

பேச்சு முட்டினால், உதடு நீலம் பாய்ந்தால், புத்தி தடுமாறினால், “மீட்டர் நன்றாகத்தானே காட்டுகிறது” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மருத்துவரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக, “இரத்த வாயுப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாமா டாக்டர்?” என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

இறுதியாக ஒன்று. மீட்டர் மனிதன் செய்தது. அது உதவியாள், நீதிபதி அல்ல. நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து ஒருவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிற நிலை இனி ஒரு வீட்டுக்கும் வரக் கூடாது. தராசின் முள்ளைச் சரிபார்க்காமல் எடை போடாத வியாபாரிகள் நாம். நம் அத்தாவின் விரலில் மாட்டும் மீட்டரையும் அதே கண்ணோடு பார்ப்போமா?